மலைக்கு அந்தப் பக்கம்: சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு நாட்குறிப்பு

புதன்

ஹாலிவுட்டில் பி லைன் சுரங்க ரயிலில் ஏறினால், சாண்டா மோனிகா மலைக்கு அடியில் புகுந்து பத்து நிமிஷம் போல ஓடி, லாஸ் ஏஞ்சலஸின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் உள்ள நார்த் ஹாலிவுட்டில் இறக்கிவிடுகிறது. 2000இல் திறந்த பாதை. நடுவில் யுனிவர்சல் சிட்டி என்று ஒரு நிறுத்தம். அங்கே இறங்குகிற கூட்டம் முழுக்க சினிமாப் பூங்காவுக்குப் போகிறது. எதிரிலேயே கேம்போ டி கஹுவெங்கா என்ற சின்னக் கட்டடம் இருக்கிறது. 1847 ஜனவரியில் கலிபோர்னியாவின் மெக்சிகோ தரப்புத் தளபதி ஆந்த்ரேஸ் பிக்கோ, அமெரிக்கத் தரப்பின் ஃப்ரீமாண்டிடம் சண்டையை நிறுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட இடம். நான் போனபோது அந்தப் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி நிறுத்தத்தில் வெளியே வந்ததும் வெயில் உச்சந்தலையில் இறங்கியது. செப்டம்பரில் மலைக்குத் தெற்கே கடல் காற்று உண்டு, இந்தப் பக்கம் கிடையாது. நாலு பக்கமும் மலை சூழ்ந்த தட்டையான தரை. இதே மாதம் 6ஆம் தேதி, 2020இல், உட்லண்ட் ஹில்ஸில் 49.4 டிகிரி செல்சியஸ் பதிவானது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் உச்ச வெப்பம் அதுதான். திருநெல்வேலிக்காரனான எனக்கே, நான் போன அன்று மாலை ஐந்து மணிக்குத் தலை சுற்றியது.

அங்கிருந்து ஜி லைன் பஸ். பழைய ரயில் தடத்தில் தார் போட்டு, வேறு வண்டி எதுவும் வராதபடி இந்த பஸ்ஸுக்கென்றே சாலை விட்டிருக்கிறார்கள். தடம் இருந்தும் ஏன் ரயில் விடவில்லை என்று கேட்டால் சுவாரசியமான பதில் வருகிறது. ஓரத்து வீட்டுக்காரர்கள் கூடாது என்றார்கள். 1991இல் மாநிலச் சட்டமே போட்டு, இந்த வழியில் தரைமேல் ரயில் ஓடக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். 2005இல் பஸ் வந்தது. சட்டத்தை ரத்து செய்தது 2014இல். இந்த ஊர் மனிதர்களைப் பற்றி நான் தெரிந்துகொண்ட முதல் விஷயம் இதுதான்: வீட்டுக்குப் பின்னால் என்ன ஓடலாம், என்ன ஓடக்கூடாது என்பதில் இவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

பஸ்ஸுக்குள் வேறு உலகம். சமையல் வேலை, வீட்டு வேலை முடித்துத் திரும்பும் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், மடியில் கருவிப் பெட்டி வைத்துத் தூங்கும் ஆள். பேச்செல்லாம் ஸ்பானிஷ். காதில் விழுந்த ஆங்கிலம் ஒலிபெருக்கி அறிவிப்பு மட்டும்தான். ரிசீடா நிறுத்தத்தில் பெரியம்மா மகள் அக்கா காரோடு நின்றாள். “டேய், பஸ்ஸிலயா வந்தே? இருபது வருஷமா இங்க இருக்கேன், நான் ஒரு தடவைகூட ஏறினதில்லை” என்றாள்.

வியாழன்

அத்தானுக்கு மலைக்கு அந்தப் பக்கம் வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பி, செபுல்வேடா கணவாயில் 405ஆம் நெடுஞ்சாலையோடு மல்லுக்கட்டி, ராத்திரி ஏழுக்குத் திரும்புகிறார். இங்கே தூரத்தை யாரும் மைலில் சொல்வதில்லை. “காலையில் ஒன்றரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை என்றால் இருபத்தைந்து நிமிஷம்” என்கிறார்கள்.

அக்காவிடம் இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். “ஒண்ணுமில்லை, டிஸ்னிலேண்ட் போறியா?” என்றாள். டிஸ்னிலேண்ட் அடுத்த மாவட்டத்தில் இருக்கிறது. விடாமல் சில்மார் பக்கம் கூட்டிப்போகச் சொன்னேன்.

ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போனால், வலப்பக்கம் மலைச்சரிவில் கான்கிரீட் படிகள் மாதிரி ஒன்று தெரியும். அதில் தண்ணீர் நுரைத்து இறங்குகிறது. காரில் போகிறவர்கள் ஒரு நொடி பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் கதையே அந்தப் படிகளில்தான் ஆரம்பிக்கிறது. சியரா நெவாடா மலைக்குக் கிழக்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து 233 மைல், அதாவது 375 கிலோமீட்டர், பம்ப் எதுவும் இல்லாமல் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடிவரும் தண்ணீர் இது. 1913 நவம்பர் 5 அன்று ஆயிரக்கணக்கான பேர் இங்கே கூடி நிற்க, மதகு திறந்தது. கால்வாயைக் கட்டிய பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் பேசிய பேச்சு இரண்டே வரி: “இதோ இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.”

எடுத்துக்கொண்டவர்கள் யார் என்பதில்தான் விஷயம். அதுவரை இது கோதுமை விளைந்த மானாவாரி பூமி. தண்ணீர் வரும் என்று தெரிந்த வட்டாரம் 1909இலேயே இங்கே 47,500 ஏக்கரை வளைத்துப் போட்டிருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகையின் முதலாளி ஹாரிசன் கிரே ஓட்டிஸும் அவருடைய மருமகன் ஹாரி சாண்ட்லரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. தண்ணீர் வேண்டுமென்றால் நகரத்தோடு சேர வேண்டும் என்பது நிபந்தனை. 1915இல் ஓட்டுப் போட்டுச் சேர்ந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் பரப்பு ஒரே வீச்சில் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. அந்தப் பக்கம் ஓவன்ஸ் ஏரி வறண்டு, உப்புப் புழுதி பறக்கும் தரையானது. எடுத்துக்கொள்ளச் சொன்னவருக்கு அது யாருடைய தண்ணீர் என்ற கேள்வி அன்று உறுத்தவில்லை போலிருக்கிறது. காவிரியும் தாமிரபரணியும் பார்த்து வளர்ந்தவனுக்கு உறுத்தத்தான் செய்கிறது.

சேராமல் தப்பித்த ஊர் ஒன்று உண்டு. சான் ஃபெர்னாண்டோ என்ற சின்ன நகரம், மொத்தப் பரப்பே இரண்டரைச் சதுர மைலுக்குள். சொந்தக் கிணற்றில் நல்ல நீர் இருந்ததால், 1911இல் தனி நகரமானவர்கள் அப்படியே இருந்துவிட்டார்கள். நாலு புறமும் லாஸ் ஏஞ்சலஸ் சூழ்ந்திருக்க, நடுவில் தனி மேயர், தனிப் போலீஸ். இன்றைக்கு அங்கே பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்த குடும்பங்கள். கடைத்தெருவில் குவின்சியன்யேரா உடைகள், அதாவது பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எடுக்கும் விழாவுக்கான பாவாடைகள், கூண்டு கூண்டாக நின்றன. நம்மூர் சடங்குக் கடைக்குச் சளைத்த பளபளப்பு இல்லை.

பக்கத்தில்தான் 1797இல் பிரான்சிஸ்கன் பாதிரிமார் நிறுவிய மிஷன். நீளமான வளைவுத் தாழ்வாரம், ரோஜாச் செடிகள், திருமண வரவேற்புக்கு ஏற்ற இடம் என்று யாருக்கும் தோன்றும். அந்த மண்சுவர்களை எழுப்பியவர்கள் தொங்வா, தத்தாவியம் பழங்குடி மக்கள். ஞானஸ்நானம் கொடுத்தபின் அவர்களை விருப்பப்படி ஊர் திரும்ப விடவில்லை. அவர்களின் வாரிசுகள் ஃபெர்னாண்டென்யோ தத்தாவியம் குழுவாக இன்றும் இதே வட்டாரத்தில் இருக்கிறார்கள், கூட்டாட்சி அரசின் அங்கீகாரம் கேட்டுப் பல காலமாகப் போராடுகிறார்கள். சுற்றுலாப் பயணிகளில் பாதிப் பேர் கேட்டது, நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பின் கல்லறைக்கு எப்படிப் போவது என்று.

வெள்ளி

இன்று அக்காவின் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு பேச்சு. வயது எண்பதைத் தாண்டியவர். வான் நைஸில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் கதவு பொருத்தும் வேலை பார்த்தவர். 1947இல் திறந்த ஆலை அது. கமாரோ, ஃபயர்பேர்ட் கார்கள் வந்ததும் அங்கிருந்துதான். 1992 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இன்று நிற்பது ‘தி பிளான்ட்’ என்ற கடை வளாகம். “நான் கதவு மாட்டின இடத்தில் இப்போ பீட்சா விக்கிறான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பீட்சா நன்றாகவே இருக்கிறதாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால் இங்கே வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கனவு. பர்பாங்கில் லாக்ஹீட் விமான ஆலை. கனோகா பார்க்கில் ராக்கெட்டைன். சந்திரனுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சின் அவர்கள் செய்ததுதான். கார் ஆலை வேறு. சம்பளம் நிச்சயம். மாடி இல்லாத ஒரு வீடு, முன்னால் புல், பின்னால் ஆரஞ்சு மரம், முடிந்தால் நீச்சல் குளம். ஆரஞ்சுத் தோப்பை வெட்டித்தான் வீடு கட்டினார்கள், அப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மரம் வைத்துக்கொண்டார்கள். பனோரமா சிட்டியை ஹென்றி கைசரும் ஃப்ரிட்ஸ் பர்ன்ஸும் 1940களின் கடைசியில் கிட்டத்தட்ட தொழிற்சாலை முறையிலேயே கட்டி விற்றார்கள். பத்திரத்தில் ஒரு வரி இருக்கும்: வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது. கறுப்பினத்தவர் வீடு வாங்க முடிந்த ஒருசில இடங்களில் ஒன்று பக்கோய்மா. பெரியவர் இதைச் சொல்லவில்லை. நான் கேட்டதும், “ஆமாம், அப்படித்தான் இருந்தது. என் ஷிஃப்டில் பாதிப் பேர் பக்கோய்மாக்காரர்கள். ஒன்றாகச் சாப்பிடுவோம், சாயங்காலம் தனித்தனியாகப் போவோம்” என்றார்.

அவருடைய மனைவி அதற்குள் 1994க்கு வந்துவிட்டார். இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் பேசினாலும் கால் மணி நேரத்தில் பேச்சு அங்கே வந்துவிடும். ஜனவரி 17, விடியற்காலை 4:31, ரிக்டர் என்று ஊர் பேச்சில் சொல்கிற அளவில் 6.7. நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் என்று பெயர் வாங்கினாலும் மையம் ரிசீடாவில். நார்த்ரிட்ஜ் மெடோஸ் என்ற அடுக்ககத்தில் மேல்மாடிகள் கீழ்த்தளத்தின் மேல் உட்கார்ந்து 16 பேர் இறந்தார்கள். பல்கலைக்கழகத்தின் கார் நிறுத்தும் கட்டடம் வில்லாக வளைந்து சரிந்தது. அதற்கு முன் 1971 பிப்ரவரியில் சில்மார் நிலநடுக்கம். அப்போது வான் நார்மன் அணையின் கரை சரிந்து, உடைவது மட்டும்தான் பாக்கி. கீழே இருந்த 80,000 பேரை வீட்டை விட்டு வெளியேற்றினார்கள்.

“அடுத்த பத்து நாள் தெருவில்தான் சமைத்தோம்” என்றார் அந்த அம்மா. ஃப்ரீசரில் இருந்த கறி எல்லாம் கெட்டுப்போகும் முன்னால் யார் வீட்டு அடுப்பில் வேண்டுமானாலும் வெந்தது. பல வருஷமாகப் பெயர் தெரியாமல் கையசைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஈரானியக் குடும்பத்தோடு பேசினது அப்போதுதானாம். “சுவர் விழுந்தது நல்லதாப் போச்சு” என்றார். வீடுகளுக்கு நடுவே இருக்கும் செங்கல் மதில் தெரு முழுக்க விழுந்திருந்தது. மறு வருஷமே எல்லோரும் திரும்பக் கட்டிவிட்டார்கள்.

ராத்திரி பர்பாங்கில் பாப்ஸ் பிக் பாய் உணவகம். 1949 கட்டடம், வெள்ளிக்கிழமை தோறும் பழைய கார் வைத்திருப்பவர்கள் வாகனத்தைத் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்துவிட்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர் ஒரு கமாரோவின் கதவைத் திறந்து மூடி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். “இது நம்மது” என்றார். கார்க்காரர் எழுந்து கை கொடுத்தார்.

சனி

பக்கோய்மா. வான் நைஸ் பூலவார்டில் கடைச் சுவர்கள் முழுக்க ஓவியம். மூன்று நாலு கடைக்கு ஒரு முறையாவது ரிச்சி வேலன்ஸ் முகம். இந்த ஊரில் வளர்ந்த மெக்சிகோ வம்சத்துப் பையன், கிதார் எடுத்து அமெரிக்கா முழுக்கப் பெயர் வாங்கி, 1959 பிப்ரவரியில் விமான விபத்தில் இறந்தபோது வயது 17. எம்.ஜி.ஆர். போஸ்டரைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, இறந்த கலைஞனை ஒரு ஊர் இப்படித் தூக்கி வைத்துக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. டயர் கடையின் ஷட்டரில்கூட அவர் இருக்கிறார்.

பக்கோய்மாவில் வளர்ந்த இன்னொருவர் ஓவியர் ஜூடித் பாக்கா. துஹுங்கா வடிகாலின் கான்கிரீட் சுவரில், அரை மைல் நீளத்துக்கு, கலிபோர்னியாவின் கதையை 1970களில் வரைய ஆரம்பித்தார். 400 பேருக்கு மேற்பட்ட இளைஞர்கள் கூட வேலை பார்த்தார்கள், அதில் போலீஸ் கேஸ் உள்ள பையன்களும் உண்டு. ‘லாஸ் ஏஞ்சலஸின் பெருஞ்சுவர்’ என்று பெயர். வேலியைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து பார்த்தபடியே நடக்க வேண்டும். பழங்குடிகள், தங்கம் தேடி வந்தவர்கள், ரயில் பாதை போட்ட சீனர்கள், போர்க்காலத்தில் முகாமுக்கு அனுப்பிய ஜப்பானிய அமெரிக்கர்கள் என்று போய்க்கொண்டே இருக்கிறது. நாங்கள் நடந்த ஒரு மணி நேரத்தில் எதிரில் வந்தது நாயோடு வந்த இரண்டு பேர். இவ்வளவு பெரிய ஓவியத்தை ஒரு சாக்கடைப் பள்ளத்தில் வைத்திருக்கிற ஊர், “இங்கே பார்க்க ஒன்றுமில்லை” என்று தானே சொல்லிக்கொள்கிறது.

மத்தியானம் ஹேன்சன் அணைப்பக்கம். சாலையோரம் குதிரைகள் போகின்றன. உடன் கார்களும் அமைதியாகக் காத்திருக்கின்றன. லேக் வியூ டெரஸ், ஷேடோ ஹில்ஸ் பகுதிகளில் வீட்டுப் பின்புறம் குதிரை வைத்துக்கொள்ள நகராட்சி விதியே இடம் தருகிறது. தொப்பி போட்ட மெக்சிகோத் தாத்தாவும் பேத்தியும் ஒரு வெள்ளைக் குதிரையை தாளத்துக்குக் கால் மாற்றிப் போட வைத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு ட்ரக்கில் ‘பாண்டா’ என்கிற மெக்சிகோ ஊதுவாத்திய இசை. அந்தக் குதிரைக்கு எங்களைவிட நன்றாகத் தாளம் புரிந்தது.

ஞாயிறு

சாப்பாட்டு நாள். காலையில் வாட் தாய் கோயில், சனி ஞாயிறுகளில் வளாகத்திலேயே தாய்லாந்து உணவுக் கடைகள். பப்பாளி சாலட்டை உரலில் இடித்துக் கொடுத்தார்கள், காரம் கேட்டதற்கு முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதிதான் போட்டார்கள். அப்புறம் ஒரு ஆர்மீனிய பேக்கரி. அப்புறம் என்சினோவில் ஈரானியக் கடை: குங்குமப்பூ ஐஸ்கிரீம், காய்ந்த எலுமிச்சை, ஃபார்ஸியில் எழுதிய வக்கீல் விளம்பரங்கள். 1979 புரட்சிக்குப் பின் வந்தவர்கள் வெஞ்சுரா பூலவார்டின் பாதியைத் தங்கள் தெருவாக ஆக்கியிருக்கிறார்கள்.

இந்தக் கடைகள் எல்லாம் இருப்பது ஒரே மாதிரியான இடத்தில்: முச்சந்தி மூலையில் ‘ட’ வடிவில் ஒரு மாடிக் கடை வரிசை, முன்னால் பத்துப் பதினைந்து கார் நிறுத்த இடம். பார்க்க அழகில்லை. ஆனால் ஒரு மூலையில் மட்டும் எல் சால்வடோர் நாட்டு புபுசா ரொட்டிக் கடை, பிலிப்பைன்ஸ்காரரின் பணம் அனுப்பும் இடம், வியட்நாமிய நகம் சீவும் கடை, ஆர்மீனியத் தையல்காரர் என்று எண்ணினேன். ஒவ்வொருவரும் தனி வீடு தேடித்தான் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்ப்பது இந்தக் கார் நிறுத்தத்தில்தான். சந்தைத் திடல் என்று ஒன்றை இந்த ஊர் திட்டம் போட்டுக் கட்டவில்லை, இதுவே அதுவாகிவிட்டது.

சாயங்காலம் மேற்கு எல்லை தாண்டி கலபாசஸ் மலையில் வெங்கடேசுவரர் கோயில். வெள்ளைக் கோபுரம், 1980களில் தென்னிந்திய முறைப்படி எழுந்தது. புளியோதரைக்கு வரிசை. பள்ளத்தாக்குத் தமிழர்களை மொத்தமாகப் பார்க்க இதுதான் இடம். வீட்டு விலை, பள்ளிக்கூட எல்லை, எந்தத் தெருவில் காட்டுத்தீ காப்பீடு கிடைக்கவில்லை என்று பேச்சு. அத்தானும் அதில் கரைந்து போனார்.

திங்கள்

பெரியவர் வீட்டில் காபி. 2002 நவம்பர் 5 பற்றிக் கேட்கலாம் என்று போனேன். அன்றைக்கு இந்தப் பள்ளத்தாக்கு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பிரிந்து தனி நகரம் ஆகலாமா என்று வாக்கெடுப்பு. வரி இங்கிருந்து போகிறது, சாலையும் போலீஸும் மலைக்கு அந்தப் பக்கமே கிடைக்கிறது என்பது குறை. பிரிந்திருந்தால் பதின்மூன்று லட்சத்துக்கு மேல் மக்களோடு அமெரிக்காவின் பெரிய நகரங்களில் ஒன்றாகியிருக்கும். பள்ளத்தாக்கில் மயிரிழையில் பிரியலாம் என்றே விழுந்தது. ஆனால் நகரம் முழுவதும் சம்மதிக்க வேண்டும் என்பது சட்டம், நகரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். புது ஊருக்குப் பெயரும் அதே சீட்டில் கேட்டிருந்தார்கள். அதில் ஒரு பெயர் ‘கேமலாட்’, ஆர்தர் மன்னன் கதையில் வரும் கோட்டை. பெரியவர் விளையாட்டாக அதற்குத்தான் போட்டாராம்.

இந்தத் தனி வழி ஆசை அன்று முளைத்ததல்ல. 1970களில் பள்ளிகளில் இனக்கலப்புக்காகப் பிள்ளைகளை பஸ்ஸில் மலை தாண்டி அனுப்பும் திட்டம் வந்தபோது, என்சினோ பெற்றோர்கள் ‘பஸ்டாப்’ என்று இயக்கம் கட்டி எதிர்த்தார்கள். பஸ் நேரம் என்று காரணம் சொன்னார்கள், தோல் நிறம் அதில் எவ்வளவு என்பதை அவர்களே அறிவார்கள். 1978இல் மாநில மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 13ஆம் பிரேரணை வீட்டு வரியைப் பிடித்துக் கட்டியது: வாங்கிய விலையில் ஒரு சதவீதம், வருஷத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் மதிப்பு ஏறக்கூடாது, விற்றால்தான் புது மதிப்பு. அதனால் 1974இல் வீடு வாங்கிய பெரியவர் கட்டும் வரி, அதே அளவு வீட்டுக்கு அக்கா கட்டுவதில் சிறு பங்கு. அக்கா இதை அவர் முன்னாலேயே சொன்னாள். “நான் செத்தால் சரியாகிவிடும்” என்று சிரித்தார் அவர்.

இப்போது அவருக்குக் குறை, மூன்றாம் வீட்டுக்காரர் மேல். மாநிலச் சட்டம் 2017இலிருந்து தளர்ந்ததால், அவர் கராஜைத் தனி வீடாக மாற்றி வாடகைக்கு விட்டிருக்கிறார். தெருவில் இரண்டு கார் அதிகம். அரை மணி நேரம் அதையே பேசினார். பேசி முடித்து, மேசை விரிப்பின் அடியிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து அத்தானிடம் நீட்டினார், பொறியாளர் ஆயிற்றே, ஒரு பார்வை பாருங்கள் என்று. அவருடைய கராஜ்தான். மகள் குடும்பத்தால் இந்தப் பக்கம் எங்கேயும் வீடு வாங்க முடியவில்லை.

அத்தான் கழிவுநீர்க் குழாய் போகும் வழியைத் திருத்திக் கொடுத்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது, ஊரிலிருந்து வரப்போகும் அத்தையை நம் கராஜிலும் அப்படி வைக்கலாம் என்று அவர் ஆரம்பிக்க, “உங்க அம்மாவைக் கராஜில வைக்கிறதா? அவங்க முன்னறையில இருப்பாங்க, நாம கராஜுக்குப் போவோம்” என்றாள் அக்கா.